ஃபின் வரும் வரை

நேற்று வரை அந்த ஸ்கிரிப்டில்
பதினோரு எக்கோ வரிகள்.
ஒவ்வொன்றின் இருபுறமும் ஒற்றை மேற்கோள்,
நண்டின் கொடுக்குகள் மாதிரி.
நெல்தா ஒயார்சோவுக்குப் பிடிக்கவில்லை.
ஒரு விலைப்பட்டியலைப்
பதினோரு முறை மூச்சு வாங்கியா சொல்வது?

காஸ்த்ரோவில் மழை.
மீனவர் கூட்டுறவு அலுவலகத்தின் மரக்கால்களுக்கு நடுவே
கடல் ஏறிக்கொண்டிருந்தது.
இரவு பதினொன்றரைக்கு
எக்கோ எல்லாவற்றையும் அழித்தாள்.
இடப்பக்கம் பார்த்த இரண்டு அம்புகள்,
பக்கத்தில் ஒரு சொல்: ஃபின்.
இதே சொல்லைத் தனி வரியில் பார்க்கும் வரை
வருவதெல்லாம் பேச்சு,
கட்டளை அல்ல.
அள்ளிக் கோப்பில் போடு.

நமக்கு 'என்று' என்றொரு சொல் இருக்கிறது,
அது வந்தால் அடுத்தவர் பேச்சு முடிந்தது.
ஷெல்லுக்குப் பிறவியில் அப்படி எதுவும் இல்லை.
எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பதைத்
தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சொன்னாள்.
சிப்பி, கடல் முள்ளெலி, ராஜ நண்டு, பாசி
இடைவெளி பிசகாமல்
திரையிலேயே ஒரு தாள் போல நின்றன.
கடைசி வரியில், முன்னும் பின்னும் வெற்றிடம் விடாமல்,
ஃபின்.
ஒத்திகை பார்க்கவில்லை.
அவ்வளவு அழகாக இருந்தது.

நான்கு மணிக்கு ஸ்கிரிப்ட் தானே எழுந்தது.
பெசோவுக்கும் $ தான் குறி.
ஆனால் அதைக் கண்டால்
ஷெல்லுக்குப் பணம் ஞாபகம் வருவதில்லை,
பின்னால் ஒரு பெயர் வருகிறது என்றுதான் படும்.
ராஜ நண்டு $22.000.
முதல் இரண்டைப் பெயராக எடுத்துக்கொண்டு
இரண்டாவதாக யாராவது வந்திருக்கிறீர்களா
என்று கூப்பிட்டது.
யாரும் வந்திருக்கவில்லை.
வராதவரின் இடத்தில்
ஒன்றுமில்லாததை
மிகுந்த கவனத்தோடு வைத்தது.
2.000.

தல்காவே சந்தையில் பெலிசாரியோ மான்சில்யா
அச்சாகி வந்த தாளைக் கண்ணாடிக்குள் சொருகினார்,
படிக்காமல்.
ஏழு மணிக்கு வரிசை
படகுத்துறையைத் தாண்டிப் போயிருந்தது,
குடையும் இல்லாமல்.

"நெல்தா, சிப்பிக்கு எதிரே
புள்ளி ஐந்நூறு என்று இருக்கிறது.
புள்ளிக்கு முன்னால் யாரையும் காணோம்.
எவ்வளவு அது?"

"விற்காதீர்கள்!"

"சிப்பியை விற்கவில்லை. புரியவில்லை, அதனால்.
நண்டு புரிந்தது. முப்பத்தொன்று கொடுத்துவிட்டேன்."

"இரண்டாயிரத்துக்கா?"

"தாளில் போட்டிருந்தது.
போட்டதை இல்லை என்று சொன்னால்
நாளைக்கு எந்த முகத்தோடு கடை திறப்பது?"

ஆறு லட்சத்து இருபதாயிரம்.
பொருளாளர் எலியானா நொகுவேரா
பேனாவை உதறிவிட்டு
'மழைச் சேதம்' என்று கணக்கெழுதினாள்.

நெல்தா அழவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள்,
ஆறிய மாத்தேயைக் குடித்தாள்,
அழித்த எக்கோக்களை நினைத்தாள்.
அந்தக் கொடுக்குகள்
அலங்காரத்துக்கு இருந்தவை அல்ல.

முதல் வரிக்குப் போய்
ஃபின்னின் இருபக்கமும்
இரண்டே இரண்டு ஒற்றை மேற்கோள் வைத்தாள்.
அவ்வளவுதான்.
இனி உள்ளே எதையும் தொடாது ஷெல்.
பெயர் போலத் தெரிந்தாலும் கூப்பிடாது.
கொடுத்ததைக் கொடுத்தபடி
கைகட்டிக்கொண்டு எழுதும்.

எழுதியது.
மறுநாள் இருபத்திரண்டாயிரம் இருபத்திரண்டாயிரமாகவே இருந்தது,
சிப்பியின் புள்ளிக்கு முன்னால்
தன் ஒன்றோடு ஒன்று.
தலைப்பில் மட்டும்,
தேதி வந்து உட்கார வேண்டிய இடத்தில்,
இதுவரை நாள்தோறும் கூப்பிட்டதும் வந்த பெயர்
கூப்பிடுவாரின்றிப் பச்சையாக நின்றது:
$ஃபெச்சா.

பெலிசாரியோ இம்முறை படித்தார்.
தொலைபேசியை எடுக்கவில்லை.
காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலால்
அதன் மேல் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் எழுதினார்:
வியாழன். மழை.